பார்த்தேன் என்று ஒரு வரி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அத்தான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. பார்த்திருக்க மாட்டாய் என்று தெரியும், சும்மா கேட்டு வைக்கிறேன்.

இந்தத் தடவை நான் எழுதுவது அக்காவாக இல்லை, கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்ட ஆளாக. எங்கள் பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒவ்வொரு நோயாளியோடும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசி, அதைப் பதிவு செய்து வைப்போம். பதிவு ஓடுவது என் அறைக் கம்ப்யூட்டரில். போய்ச் சேருவது எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் சர்வருக்கு. நேற்று பழைய பதிவு ஒன்றைத் திறந்தேன். லிஃப்ட்காரர் என்று எழுதுவேனே, முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டிவிட்டுப் பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர், அவருடையது. ஒன்பதாவது வாரத்தில் அவர் வாயிலிருந்து முதல்முறையாக முழுசாக ஒன்று வந்தது. "மேலயா, கீழயா?" நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன், அவர் அழுதார். அந்தப் பதிவு இருபத்திரண்டு நிமிஷம். இப்போதும் இருபத்திரண்டு நிமிஷம் ஓடுகிறது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

தேடிப் பார்த்தால் ஆகஸ்டிலிருந்து இப்படிப் பத்தொன்பது. எங்கள் இயக்குநர் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "நோயாளியோட நிஜமாவே உக்காந்தீங்களா, இல்ல மெஷினை ஓட விட்டுட்டு வெளிய போயிட்டீங்களா?" பன்னிரண்டு வருஷ வேலை, தம்பி. 

தூரத்தில் இருக்கும் ஃபைலைப் பக்கத்தில் இருப்பது போலக் காட்டுவதுதான் உன் தொழில் என்று ஒருமுறை சொன்னாய். அன்றைக்குத் தலையாட்டி வைத்தேன். இப்போது புரிய வேண்டியிருக்கிறது. சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

நான் நலம். முதுகு அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். அத்தானை விசாரித்ததாகச் சொல். போன ஏப்ரலில் போனில் அழுததற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ மறந்துவிட்டுப் போகிற ஆளில்லை. வீட்டை விட்டு இறங்கினால் அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை திரும்பி வருகிறவள். கடிகாரத்திடம் தைரியமாகச் சொல்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு அடியில், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. அதில் ஒரு மூலை எங்களுடையது. நீ பதிவு செய்வதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, மொத்தமாகச் சர்வருக்கு அனுப்புவது அந்த மூலைதான். நடுவில் கேபிள் அறுந்தால் காத்திருக்க வேண்டும். போய்ச் சேரவே இல்லையென்றால், சேரவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சேராததைச் சேர்ந்தது என்று சொல்வதுதான் எங்கள் தொழிலில் பெரிய பாவம்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதற்கு மாற்றம் எழுதி மெயிலில் அனுப்பலாம். நாங்கள் நாலைந்து பேர் வரிவரியாகப் படித்து, குடைந்து, திருப்பி அனுப்பி, கடைசியில் சரி என்றால் ‘பார்த்தேன்’ என்று பெயரோடு ஒரு வரி போடுவோம். போட்டுவிட்டால் அதற்கு நாமும் பொறுப்பு. அதனால் எங்கள் பக்கம் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் உன் கம்ப்யூட்டரில் கெர்னலின் எந்தப் பதிப்பு ஓடுகிறது, எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுது. கெட்டுப்போன ஃபைல்களையும் அனுப்பு. இரண்டே நாளில் பிடித்துத் தருகிறேன்.

உன்
தம்பி

ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அத்தான் நலம். சரியாகிவிட்டது என்று நீயாகவே எழுதிவிட்டாய், அப்படியே இருக்கட்டும். அத்தான் என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள். அவருக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் வாயைப் பூட்டிக்கொள்வார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். என்ன பிடிக்கவில்லை என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். பகல் முழுக்கப் பேச முடியாதவர்களைப் பேசவைக்கிறேன். சாயங்காலம் பேச முடிந்தவரின் முன்னால் தட்டை வைத்துவிட்டு நிற்கிறேன்.

நீ கேட்டதெல்லாம் இந்த மெயிலோடு இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர்காரர் எழுதித் தந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு, எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் புதுப் பதிப்பு போட்டாராம். எதிரே சாலை தோண்டுவதால் இரு கட்டிடங்களுக்கும் நடுவே உள்ள கேபிள் அடிக்கடி அறுபடுகிறது என்றும் சொன்னார்.

மார்ச் கடைசியில் விசாரணை. மூன்று பேர் உட்காருவார்களாம். போலிப் பதிவு என்று முடிவானால் வேலை போகும், அதற்குப் பிறகு எந்த மையத்திலும் என்னை எடுக்க மாட்டார்கள். அந்த அறை ஒன்றுதான் எனக்கு மூச்சுவிட இருக்கிற இடம். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 3

தம்பி,

நலம்தானே? இரண்டு நாள் என்றாய், இரண்டு வாரம் தாண்டிவிட்டது. உடம்பு சரியில்லையென்றால் ஒரு வரி போடு. கோபம் என்றால் அதையும் போடு. பேசாமல் மட்டும் இருக்காதே. அதற்கு இங்கே ஆள் இருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டுகிறார், காலையிலிருந்து டம்டம் என்று ஒரே சத்தம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பாலம் வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்புகிறேன், ஒரு நாளைக்கு நாலு தடவை. பாலத்தில் காய்கறி வண்டிக்காரர் என்னைக் கண்டாலே, "என்ன சார், இன்னும் தேடுறது கெடைக்கலையா?" என்கிறார். செருப்பு தேய்ந்துவிட்டது, புதிதாக ஒரு ஜோடி வாங்கினேன், அது கடிக்கிறது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. நீ அனுப்பிய ஃபைல்களை வரிசையாகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் மட்டும் ஒரு துளிச் சத்தம் பிழைத்திருக்கிறது. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பத்தொன்பதையும் சேர்த்து ஒட்டினால் ஒரு வினாடி தேறாது. ஆனால் அதில் அறையின் இரைச்சல் இருக்கிறது, ஒன்றில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். அப்படியானால் மைக் வேலை செய்தது. அதற்குப் பிறகு வருவது சுத்தமான பூஜ்யம். மைக்கை அணைத்தால்கூட அப்படி வராது, லேசான இரைச்சல் இருக்கும். இதைக் கடிகாரத்திடம் காட்டு.

தப்பு எங்கே என்பதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கேபிளாக இருக்கலாம், சர்வராக இருக்கலாம், பதிவு செய்யும் மென்பொருளாகவும் இருக்கலாம். இந்த மாதிரி விஷயங்களில் அவசரப்பட்டு விரலை நீட்டக் கூடாது.

உன்
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அத்தான் இருக்கிறார்.

நீ சொன்னதைக் காட்டினேன். கடிகாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "சரி, மைக் இருந்திருக்கு. அதுக்கப்புறம் நீங்க அழிச்சிருக்கலாமே?" என்றார். விசாரணை முடியும்வரை என்னை நோயாளிகளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பழைய விண்ணப்பங்களை அகரவரிசையில் அடுக்குகிறேன். ஜன்னல் இல்லாத அறை. நேற்று ‘ம’ வரை வந்துவிட்டேன். லிஃப்ட்காரரை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். போகிற வழியில் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். செருப்பு கடிப்பதைப் பற்றி எனக்கு எழுத மாட்டாய் நீ. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். வளவளவென்று பேசினாய் என்றால் முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜனவரியில், தப்பு எங்கள் பக்கம் இருக்க வாய்ப்பு குறைவு என்றாய். இப்போது நீ சொன்ன மூன்று இடங்களில் உங்கள் பக்கம் மட்டும் இல்லை.

நேராகக் கேட்கிறேன். தப்பு உங்களுடையதா?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

ஆமாம்.

மூன்றரை வாரமாக இந்த ஒரு வார்த்தையை எழுதி எழுதி அழித்தேன். நீ விண்ணப்பம் அடுக்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. ஜனவரி பதினெட்டாம் தேதியே கண்டுபிடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். கேபிள் அறுந்து, நீ பதிவு செய்தது போய்ச் சேராவிட்டால், சேரவில்லை என்று கெர்னல் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். ஃபைலை மூடும்போது அந்தக் குறிப்பைக் காட்டும். போன வருஷம் வந்த ஒரு மாற்றத்தில் ஒரே ஒரு வரி இடம் மாறியது. அதிலிருந்து, இணைப்பு திரும்பியவுடன் அந்தக் குறிப்பு அழிந்துவிடுகிறது. நீ மூடும்போது, எல்லாம் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறது. ஃபைலின் நீளம் மட்டும் சர்வரில் பதிந்திருக்கும், உள்ளே பூஜ்யம்தான்.

அந்த மாற்றத்தின் கீழே இரண்டு பெயர்கள். ஒன்று எழுதியவர், எங்கள் பழைய கூட்டாளி, லேசில் தப்பு விடாத கை. மற்றது ‘பார்த்தேன்’ என்ற வரி. அதில் இருப்பது என் பெயர். பதினான்கு பகுதிகள் கொண்ட மாற்றம், அக்கா. தப்பு பதினோராவது பகுதியில் இருக்கிறது. படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான் படிக்கவில்லை. அவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று வரியைப் போட்டு அனுப்பிவிட்டேன். அன்று வேறு வேலையாக இருந்தேன்.

பிப்ரவரியில் சத்தம் போடாமல் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். பிழையைத் திருத்தினால், அது எந்த மாற்றத்தால் வந்தது என்று ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். அந்த வரியை விட்டுவிட்டேன். என் திருத்தத்தைப் படித்தவர் எங்களில் மூத்தவர், நாங்கள் பெரியவர் என்போம். "திருத்தம் நல்லாருக்கு. எதனால வந்துச்சுங்கற வரி எங்க?" என்று கேட்டு அனுப்பினார். வேறு ஏதோ சொல்லி மழுப்பினேன். மறுபடி அதே கேள்வி. மூன்றாம் முறை, "உனக்குத் தெரியாம இருக்காதே" என்று மட்டும் எழுதியிருந்தார். நேற்று அந்த வரியை எழுதிவிட்டேன். என் பெயர் வெளியே வந்துவிட்டது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

இத்தோடு உங்கள் விசாரணைக் குழுவுக்கு என் கையெழுத்தோடு ஒரு கடிதம் இருக்கிறது. எங்கள் மெயில்கள் எல்லாம் யாரும் பார்க்கும்படி பொதுவில்தான் கிடக்கும். அந்தப் பக்கத்தின் முகவரியையும் கொடுத்திருக்கிறேன், உங்கள் கம்ப்யூட்டர்காரர் திறந்து காட்டட்டும். பதிவுகள் திரும்பி வராது. லிஃப்ட்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை, உன்னிடம் கேட்கிறேன்.

உன்
தம்பி

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். விசாரணை முடிந்தது. உன் கடிதத்தை மூன்று பேரும் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். கடிகாரம் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "நான் கேட்ட கேள்வி தப்பு" என்றார். அவருக்கு அது லேசில் வருகிற வார்த்தை இல்லை. திங்கட்கிழமை என் அறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. லிஃப்ட்காரர் ஒரு மாதமாக அந்தப் பெண்ணிடம் வாயே திறக்கவில்லையாம். என்னைப் பார்த்ததும் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "எந்த மாடி?" என்று கேட்டார். கேலிதான். கேலி வந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும்.

உன்மேல் கோபப்பட்டேன், பிறகு தீர்ந்துவிட்டது. தப்பு எல்லாரும் செய்வதுதான். ஒத்துக்கொண்டாயே என்று பெருமையாகக்கூட இருந்தது. புதன்கிழமை வரைக்கும்.

புதன்கிழமை கம்ப்யூட்டர்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். என் தம்பி பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை. அவரும் காட்டினார். மாற்றம் வந்த மெயில், அதன் கீழே உன் மெயில். ‘பார்த்தேன்’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே தேதியும் நேரமும் இருந்தது. "இதுல போட்டிருக்கறது வெளிநாட்டு நேரம். நம்ம நேரப்படி அது வந்தது மத்தியானம் ரெண்டு பதினொண்ணு, உங்க தம்பி பதில் போட்டது ரெண்டு இருபது. ஒன்பதே நிமிஷம், பதினாலு பகுதி. கெட்டிக்காரர்தான்" என்று சிரித்தார். போன ஏப்ரல் ஆறாம் தேதி.

அன்று நான் மையத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒன்றே காலிலிருந்து மூன்று மணி வரை, அடுத்த நோயாளி வந்துவிடுவாரே என்று மணியைப் பார்த்துப் பார்த்து. ஆரம்பத்திலேயே கேட்டேன், "வேலையா இருக்கியாடா, அப்புறம் கூப்பிடவா?" என்று. "இல்லக்கா, நீ சொல்லு. நான் வேற எதுவும் பண்ணல. கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றாய்.

இரண்டு இருபதுக்கு நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

தெரியவில்லை.

ஐந்து நாளாக யோசிக்கிறேன். படிக்கட்டில் உன் குரல் எதிரொலித்தது நினைவிருக்கிறது. அத்தான் பேசி இருபத்தாறு நாள் ஆகிறது என்றாய். பெட்டி கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பதாகச் சொன்னாய். காவலாளி வந்து, "யாராச்சும் செத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டதற்கு நீ அழுகையோடு சிரித்தாய். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது, நோயாளி வந்துவிட்டார், வைக்கிறேன் என்று நீ சொன்னதுதான். நடுவில் இருந்தது என்னிடம் இல்லை.

ஒளிக்க இனி ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். ஜனவரி பதினெட்டில் அந்த மெயிலைத் திறந்தபோது நான் முதலில் பார்த்தது நேரத்தைத்தான். பதில் எழுதாமல் நான் இழுத்தடித்ததற்குக் காரணம் அந்தப் பிழை இல்லை. பிழையை ஒத்துக்கொள்வது எங்கள் தொழிலில் வாரம் ஒருமுறை நடக்கிற விஷயம், நாலு பேர் கிண்டல் செய்வார்கள், முடிந்தது. அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் நீ நேரத்தைப் பார்ப்பாய் என்பதற்குத்தான் பயந்தேன். உன் வேலையே போகும் என்று தெரிந்தும் பயந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்று காதில் உன் குரல், கண் முன்னால் மெயில். இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டுக்குமே ம் போட்டிருக்கிறேன்.

என்ன கேட்டாய் என்று சொல். போன் செய்யட்டுமா? எப்போது செய்யலாம் என்று மட்டும் எழுது, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு உட்காருகிறேன்.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். மேலே எழுதியிருப்பது புது முகவரி. மையத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் விடுதி. அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, மூடாத ஒரு ஜன்னல். பக்கத்து அறையில் இருக்கும் நர்ஸ் பல் தேய்க்கும்போதுகூடப் பேசிக்கொண்டே இருக்கிறாள். காது வலிக்கிறது, இருந்தும் அவளைப் போகச் சொல்ல மனம் வரவில்லை.

நீ கேட்டாய் என்பதால் சொல்கிறேன். அன்று இரண்டு இருபதுக்கு, "போயிடலாம்னு பெட்டி கட்டிட்டேன். போகட்டுமா, இங்கேயே இருந்துடவாடா?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆழமாக யோசிக்கிறாய் என்று நானும் மூச்சுவிடாமல் காத்திருந்தேன். பிறகு சொன்னாய், "ம். சரியாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

எனக்கு அது போதுமாக இருந்தது. இத்தனை படித்தவன், எதையும் ஓட்டை தேடிப் பார்க்கிறவன், யோசித்துச் சொல்கிறான் என்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம். அத்தான் வாய் திறக்காத நாளையெல்லாம் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தேன், நூற்று நாற்பத்து மூன்று. ஒவ்வொரு கோடு போடும்போதும், தம்பி இருக்கச் சொன்னான், அவன் பார்க்காமல் சொல்ல மாட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ அன்று காது கொடுத்துக் கேட்டிருந்தாலும் இரு என்றுதான் சொல்லியிருப்பாயோ என்னவோ. எனக்குத் தெரியாது, உனக்கும் இனித் தெரியப் போவதில்லை. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. பத்தாம் தேதி காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்று, போகிறேன் என்றேன். அன்றைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

உன்னை வெறுக்கவில்லை. என்னால் முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். ஆனால் இப்போதைக்குப் போன் செய்யாதே. நீ ம் என்றால் அது எதற்குச் சொன்ன ம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

எழுது. மெயிலில் வேண்டாம். தாளில், கையால் எழுது. கையால் எழுதும்போது உன்னால் வேறெதையும் பார்க்க முடியாது.

அக்கா